புகை குடிப்பதும் சுயமரியாதையும்

காஞ்சிபுரத்திலிருந்து வேலூர் போகும் பெரிய ரஸ்தாவில், பாலுசெட்டி சத்திரத்துக்குப் பக்கத்தில் திருப்புட்குழி என்று ஓர் ஊர் இருக்கின்றது. ஜடாயு என்னும் கழுகுக்கு இராமன் கொள்ளி வைத்துக் காரியம் செய்த இடம் இதுதான் என்று தலபுராணம் சொல்லுகின்றது. புள் என்றால் பறவை, குழி என்றால் புதைத்த இடம், ஆகவே ஊரின் பெயரே அதற்குச் சாட்சி என்பது பக்தர்களின் வாதம். அந்தக் கழுகுக்குக் கொள்ளி வைத்தது மெய்யோ பொய்யோ, அதைப் பற்றி இன்று நமக்கு வழக்கில்லை. செத்த கழுகுக்கு ஒரே ஒரு தரம் கொள்ளி வைத்ததாகச் சொல்லப்படும் அந்த ஊரிலும், சுற்றுப்புறத்துக் கிராமங்களிலும், காஞ்சிபுரத்துத் தறிக்காரத் தெருக்களிலும், உயிரோடிருக்கும் மனிதர்கள் நாள் ஒன்றுக்குப் பத்துத் தரமும் இருபது தரமும் தங்கள் வாயில் தாங்களே கொள்ளி வைத்துக்கொள்ளுகின்றார்களே, அதைப் பற்றித்தான் எழுதுகின்றோம்.

இதை எழுத எடுத்ததுமே நம் தோழர்களில் சிலர் கேட்பார்கள்: “சாமி இல்லை, சடங்கு இல்லை, பாவம் புண்ணியம் இல்லை என்று சொல்லிவிட்டு, இப்போது பீடி குடிக்காதே, சிகரெட்டுக் குடிக்காதே என்று நீங்களும் சாமியாரைப் போல உபதேசம் செய்ய வந்துவிட்டீர்களா? என் வாய், என் காசு, என் இஷ்டம். இதற்கும் சுயமரியாதைக்கும் என்ன சம்பந்தம்?” என்று.

கேள்வி நியாயமான கேள்விதான். ஆகவே முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகின்றோம். புகை குடிப்பது பாவம் என்று நாம் சொல்லவில்லை. அதற்காக எந்த நரகத்திலும் எவனும் யாரையும் எண்ணெய்க் கொப்பரையில் போடப் போவதில்லை. நாம் சொல்லுவதெல்லாம் இதுதான்: பகுத்தறிவைக் கொண்டு எதையும் பார்க்க வேண்டும் என்று சொல்லுகின்ற மனிதன், தன் சட்டைப் பையிலுள்ள பீடிக்கட்டை மட்டும் அந்தப் பார்வைக்கு விலக்கி வைக்கலாமா? பெரியவர்கள் செய்தார்கள் என்பதற்காகச் செய்கின்றவனையும், எல்லாரும் செய்கின்றார்கள் என்பதற்காகச் செய்கின்றவனையும், விட்டால் ஏதோ கெடுதி வரும் என்று பயந்து செய்கின்றவனையும் பார்த்து நாம் பரிகாசம் செய்கின்றோம். புகை குடிக்கின்றவர் தாம் குடிப்பதற்குச் சொல்லும் காரணங்களை வரிசையாக எடுத்து வைத்துப் பார்த்தால், அந்த மூன்றைத் தவிர வேறு ஏதாவது இருக்கின்றதா என்று அவரே சொல்லட்டும்.

முதலில், இது நம் முன்னோர் வழக்கம் என்பதை எடுத்துக்கொள்ளுவோம். புகையிலை நம் நாட்டுச் செடியே அல்ல. கொலம்பஸ் 1492-ல் அமெரிக்கத் தீவுகளில் இறங்கிய பிறகுதான் ஐரோப்பியர்கள் அதைக் கண்டார்கள். போர்ச்சுகீசியர் கப்பலில் ஏற்றி அதை நம் கரைக்குக் கொண்டு வந்தார்கள். பீஜப்பூரிலிருந்து அக்பர் தர்பாருக்கு அது போய்ச் சேர்ந்தது 17-வது நூற்றாண்டின் துவக்கத்தில். அவர் மகன் ஜஹாங்கீர் 1617-ல் அதைத் தடுத்து உத்தரவு போட்டார். ஆகவே நம் நாட்டில் இதற்கு வயது நானூறு வருஷத்துக்குச் சற்று மேல், அவ்வளவுதான். இந்த நானூறு வருஷத்துக்குள் நம்மவர்கள் இதற்குச் செய்திருக்கும் மரியாதையோ கொஞ்சமல்ல. சுருட்டு என்ற நம் தமிழ்ச் சொல்லையே இங்கிலீஷ்காரன் எடுத்துக்கொண்டு ‘செரூட்’ என்று ஆக்கிக்கொண்டான். திருச்சிச் சுருட்டும் திண்டுக்கல் சுருட்டும் சீமை வரைக்கும் பெயர் எடுத்தன.

நம் புலவர்கள் சும்மா இருப்பார்களா? சீனிச்சர்க்கரைப் புலவர் என்பவர் ‘புகையிலை விடு தூது’ என்று ஒரு பிரபந்தமே பாடி வைத்தார். அதில் மும்மூர்த்திகளுக்கும் ஆளுக்கு ஓர் இலை கொடுக்கப்பட்டதாம். சிவனுடைய வில்வம் கங்கையிலும், விஷ்ணுவினுடைய துளசி பாற்கடலிலும் போய்விட்டனவாம். பிரமன் மாத்திரம் தன் இலையைச் சரஸ்வதியின் நாவில் பத்திரமாய் வைத்திருந்து, என் இலை போகையில்லை என்றானாம். அந்தப் ‘போகையிலை’தான் புகையிலை ஆயிற்றாம்! கப்பலில் வந்து இறங்கிய சரக்குக்கு இரண்டொரு நூற்றாண்டுக்குள்ளாகவே பிரமாவைச் சாட்சிக்கு அழைத்துக்கொண்டு வந்துவிட்டார்கள் என்றால், ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய சங்கதிகளுக்கு எத்தனை சாட்சிகளைத் தயார் செய்திருப்பார்கள் என்று யோசித்துக்கொள்ளுங்கள். கிராமங்களில் முனீஸ்வரனுக்கும் கருப்பனுக்கும் இன்றைக்கும் சுருட்டுப் படைக்கின்றார்கள். கொலம்பஸ் கப்பல் ஏறுவதற்கு முன்பு முனீஸ்வரன் எதைக் குடித்துக்கொண்டிருந்தார் என்று எந்தப் பூசாரியாவது சொல்லட்டும்.

நிற்க, இரண்டாவது காரணத்துக்கு வருவோம். “எங்கள் தாத்தா தொண்ணூறு வயது வரை சுருட்டுக் குடித்தார், அவருக்கு என்ன ஆகிவிட்டது?” என்பார்கள். இதைச் சொல்லாத புகைக்காரரே இல்லை. தோழர்களே! நேர்ந்துகொண்டு பிள்ளை பெற்றவள் கோயில் கோயிலாய்ச் சொல்லிக்கொண்டு போகின்றாள். நேர்ந்துகொண்டும் பிள்ளை பெறாதவள் வாயை மூடிக்கொண்டு வீட்டில் இருக்கின்றாள். அதனால் கோயிலுக்குப் பெருமை வளருகின்றது என்று நாம் எத்தனையோ மேடைகளில் சொல்லியிருக்கின்றோம். தாத்தா கதையும் அதே கதைதான். தொண்ணூறு வயது வரை இருந்த தாத்தா திண்ணையில் உட்கார்ந்திருப்பார், எல்லோருடைய கண்ணிலும் படுவார். நாற்பத்தெட்டு வயதில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்த தாத்தாவின் தம்பி யார் கண்ணில் படுவார்? பிழைத்தவனை மாத்திரம் எண்ணிச் செத்தவனை எண்ணாமல் விடுவது கணக்கல்ல.

செத்தவர்களையும் எண்ணிப் பார்த்த கணக்கு ஒன்று நம் தமிழ்நாட்டிலேயே இருக்கின்றது. சென்னையைச் சேர்ந்த டாக்டர் கஜலட்சுமியும், ஆக்ஸ்போர்டைச் சேர்ந்த ரிச்சர்டு பீட்டோ முதலானவர்களும் சேர்ந்து செய்து, ‘லான்செட்’ என்னும் வைத்தியப் பத்திரிகையில் 2003-ல் வெளியிட்ட கணக்கு அது. தமிழ்நாட்டில் நோயால் செத்துப்போன ஆண்களில் நகரத்தில் 27,000 பேர், கிராமங்களில் 16,000 பேர், ஆக 43,000 பேருடைய புகைப் பழக்கத்தை விசாரித்தார்கள். உயிரோடிருந்த 35,000 ஆண்களுடைய பழக்கத்தையும் விசாரித்து, இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். நடு வயதில், புகை குடித்தவர்கள் நோயால் செத்த விகிதம் குடிக்காதவர்களைப் போல் ஏறக்குறைய இரண்டு பங்கு இருந்தது. நகரத்தில் க்ஷயம் என்னும் காசநோயால் செத்த விகிதமோ நான்கு பங்குக்கும் மேல். இந்தியாவில் காசநோயால் சாகும் ஆண்களில் பாதிப் பேர் சாவுக்குப் புகையும் ஒரு காரணம் என்பது அவர்கள் கண்ட முடிவு.

இந்த இடத்தைச் சற்று நிறுத்திப் படிக்க வேண்டுகின்றோம். புகை என்றால் புற்றுநோய் என்று மாத்திரம் ஜனங்கள் நினைத்துக்கொண்டிருக்கின்றார்கள். புற்றுநோய் ஏதோ பட்டணத்துப் பணக்காரன் நோய் என்றும் சிலருக்கு எண்ணம். நம் நாட்டில் புகை பெரும்பாலும் ஆளைக் கொல்லுவது காசநோயாலும், மாரடைப்பாலும், மூச்சிரைப்பாலுமாகும். காசநோய்க் கிருமி அனேகருடைய உடம்பில் புகுந்து தூங்கிக்கொண்டிருக்கும். நெஞ்சு பலமாய் இருக்கின்ற வரையில் அது எழுந்திருக்காது. நாள்தோறும் புகையை விட்டு நெஞ்சைப் புண்ணாக்குகின்றவன் அந்தக் கிருமியைத் தட்டி எழுப்புகின்றான். ஏழையை முதலில் பிடிக்கின்ற நோய்க்கு ஏழையே தன் கூலிக் காசைக் கொடுத்துக் கதவைத் திறந்துவிடுகின்றான் என்றால் இதைவிடக் கொடுமை வேறென்ன வேண்டும்?

இனி, “ஆயுசு கெட்டி என்றால் யார் என்ன செய்ய முடியும்? எழுதினபடிதானே நடக்கும்?” என்கின்றவர்கள் மூன்றாவது கூட்டம். விதியை நம்புகின்றவர்கள் இதைச் சொன்னால் நமக்கு ஆச்சரியமில்லை. ஆனால் விதி என்பது சோம்பேறியின் கண்டுபிடிப்பு என்று சுவரில் எழுதி வைக்கின்ற தோழர்கூட, பீடி விஷயம் வந்தால் “எல்லாம் ஒரு நாள் சாகப் போகிறவர்கள்தானே” என்று வேதாந்தம் பேசுகின்றாரே, அதுதான் ஆச்சரியம். அப்படி எழுதப்பட்ட எழுத்து ஒன்று இருந்து அதை மனிதன் அழிக்கவும் முடியும் என்பதற்கு இங்கிலாந்தில் ஒரு பெரிய ருசு இருக்கின்றது. ரிச்சர்டு டால் என்ற வைத்தியரும் பிராட்ஃபோர்டு ஹில் என்பவரும், நுரையீரல் புற்றுநோய் ஏன் இப்படிப் பெருகுகின்றது என்று ஆராய்ந்து 1950-ல் முதல் முடிவை வெளியிட்டார்கள். ஆராய்ச்சிக்கு இறங்கினபோது டாலுக்கு இருந்த சந்தேகம் மோட்டார் வண்டிப் புகையின் மேலும், ரஸ்தாவில் போடுகின்ற தாரின் மேலும்தான். கணக்கு வேறு திசையைக் காட்டிற்று. அவரும் சிகரெட்டுக் குடிக்கின்றவர்தான். கணக்கைக் கண்டதும் தாமே சிகரெட்டை விட்டுவிட்டார். தன் எண்ணத்துக்கு விரோதமாக உண்மை வந்தாலும் அதை ஒப்புக்கொண்டு அதன்படி நடப்பதற்குப் பெயர்தான் பகுத்தறிவு. அவர் 92 வயது வரை இருந்து 2005-ல் காலமானார்.

அவர்கள் 1951-ல் தொடங்கி 34,439 ஆண் டாக்டர்களை ஐம்பது வருஷ காலம் விடாமல் கவனித்து வந்தார்கள். அதன் முடிவு 2004-ல் வெளிவந்தது. புகையை விடாமல் குடித்தவர்கள், குடிக்காதவர்களைவிடச் சராசரி பத்து வருஷம் முந்திச் செத்தார்கள். முக்கியமான சங்கதி அதற்கு மேல்தான் இருக்கின்றது. அறுபது வயதில் விட்டவர்களுக்கு அந்தப் பத்தில் சுமார் 3 வருஷம் திரும்பக் கிடைத்தது. ஐம்பதில் விட்டவர்களுக்கு 6 வருஷம். நாற்பதில் விட்டவர்களுக்கு 9 வருஷம். முப்பதில் விட்டவர்களுக்கு ஏறக்குறைய பத்தும் கிடைத்தது. எந்த நாடி ஜோசியனாவது இப்படித் தேதி போட்டு ஆயுசு கொடுத்திருக்கின்றானா? இதற்குப் பரிகாரமும் இல்லை, தட்சணையும் இல்லை, விட்டால் போதும். “இத்தனை வருஷம் குடித்தாயிற்று, இனிமேல் விட்டு என்ன பிரயோஜனம்?” என்று கேட்கின்ற பெரியவர்களுக்கும் இதிலேயே பதில் இருக்கின்றது.

“பீடி குடித்தால்தான் கை ஓடுகின்றது, சலிப்புத் தீருகின்றது, காலையில் வயிறே இளகுகின்றது” என்பது இன்னொரு காரணம். இது பொய் என்று நாம் சொல்ல மாட்டோம். ஆனால் இந்தச் சலிப்பு எங்கிருந்து வந்தது என்று கேட்கின்றோம். புகையிலையில் நிகோடின் என்று ஒரு சரக்கு இருக்கின்றது. புகையை இழுத்த சில விநாடிகளில் அது மூளைக்குப் போய் ஒரு தெம்பைக் கொடுக்கும். சற்று நேரத்தில் அது இறங்கத் தொடங்கியதும், கை கால் பரபரப்பு, எரிச்சல், கவனச் சிதறல் எல்லாம் வரும். மறுபடியும் ஒரு பீடி பற்ற வைத்தால் அடங்கும். அதாவது, பீடி தீர்த்து வைக்கின்ற சலிப்பில் பெரும் பங்கு முன்பு குடித்த பீடி உண்டாக்கி வைத்த சலிப்புதான். செய்வினை வைத்தவனே, செய்வினை எடுக்கவும் கூலி கேட்டு வாசலில் வந்து நிற்பது போன்றது இது. காலையில் வயிறு இளகுவதும் அந்தச் சரக்கு குடலை முடுக்குவதால்தான். விட்ட சில வாரங்களுக்குச் சற்று மந்தமாயிருக்கும். தண்ணீரும் பழமும் கீரையும் அதைச் சரிப்படுத்தும்.

தறிக்காரத் தோழர்களுக்கு இதை வேறு விதமாகச் சொன்னால் இன்னும் நன்றாய் விளங்கும். முதலாளியிடம் முன்பணம் வாங்கிவிட்ட நெசவாளி என்ன ஆகின்றான்? கூலி போதவில்லை என்றாலும் வேறு இடம் போக முடியாது. கடன் குறைவது போல் இருக்கும், பண்டிகை வந்ததும் மேலே ஏறிவிடும். கடைசியில் பிள்ளையும் அதே குழியில் இறங்கித் தறி மிதிக்க வேண்டியதாகும். நிகோடினும் அப்படித்தான் முன்பணம் கொடுத்து ஆளைப் பிடிக்கின்றது. ஒரு வித்தியாசம் மாத்திரம் உண்டு. முதலாளி கடனைத் தீர்க்க ரொக்கம் வேண்டும். இந்தக் கடனைத் தீர்க்க ஒரு காசும் வேண்டாம். மேற்கொண்டு வாங்காமல் இருந்தாலே அடைபட்டுப் போகும்.

வீட்டிலுள்ள பெண்களையும் பிள்ளைகளையும் பற்றி இங்கே சொல்லாமல் விட முடியாது. நெசவாளி வீட்டில் தறியும் அதே அறை, அடுப்பும் அதே அறை, படுக்கையும் பெரும்பாலும் அதே அறைதான். அவன் தறிக்குழியில் உட்கார்ந்து புகை விடும்போது, பக்கத்தில் தார் சுற்றுகின்ற மனைவியும், தூளியில் தூங்குகின்ற குழந்தையும் அதே புகையைத்தான் மூச்சாக வாங்குகின்றார்கள். ஜப்பானில் ஹிரயாமா என்பவர், தாங்கள் புகை குடிக்காத 91,540 மனைவிமார்களைப் பதினான்கு வருஷ காலம் கவனித்து 1981-ல் வெளியிட்ட முடிவு என்னவென்றால், புகை குடிக்கும் புருஷனைக் கட்டிக்கொண்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய்ச் சாவு அதிகம் என்பதும், புருஷன் குடிப்பது ஏற ஏற மனைவியின் ஆபத்தும் ஏறிற்று என்பதுமாகும். “என் வாய், என் இஷ்டம்” என்ற வாதம் இங்கே அடிபட்டுப் போகின்றது. பெண்ணடிமை கூடாது என்று மேடையில் கைதட்டிவிட்டு வீட்டுக்கு வந்து, அவள் கேட்காத புகையை அவள் நெஞ்சில் ஊதுகின்றவர், அவளுடைய இஷ்டம் என்ன என்று எப்போதாவது கேட்டதுண்டா?

“சிகரெட்டுத்தான் கெடுதி, பீடி இயற்கையான இலை, அவ்வளவு கெடுதியில்லை” என்று ஓர் ஆறுதலும் கிராமங்களில் நடமாடுகின்றது. இலையில் சுற்றினால் விஷம் பிரசாதமாகிவிடாது. பீடி இலை சுலபமாய் எரியாது. அணையாமலிருக்க வேண்டுமானால் அடிக்கடியும் பலமாகவும் இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். அதனால் சிறிய பீடியானாலும் அதன் மூலம் உள்ளே போகின்ற தாரும், நிகோடினும், கரியமில விஷவாயுவும் சிகரெட்டுக்குக் குறைந்தவை அல்ல. தமிழ்நாட்டுக் கணக்கில் செத்தவர்களில் கிராமத்தார் பெரும்பாலும் குடித்தது பீடிதான்.

வாயில் அடக்கிக்கொள்ளும் புகையிலையும் இந்தக் குற்றத்துக்கு விலக்கல்ல. நெசவாளர் குடும்பத்தில் 1909-ல் காஞ்சிபுரத்தில் பிறந்து, 1967-ல் முதலமைச்சரான அறிஞர் அண்ணாவுக்குப் பொடியும் புகையிலையும் பழக்கமாயிருந்தது நாடறிந்த சங்கதி. இரண்டு வருஷம்கூட அவர் ஆட்சி செய்யவில்லை. அமெரிக்காவுக்குப் போய் ரணசிகிச்சை செய்துகொண்டு வந்தும், 1969 பிப்ரவரி 3-ந் தேதி அடையாறு புற்றுநோய் நிலையத்தில், அறுபது நிறையும் முன்பே, புற்றுநோய்க்கு இரையானார். ஒரு மனிதருக்கு வந்த நோய்க்கு இதுதான் காரணம் என்று கோடு போட்டுக் காட்ட எந்த வைத்தியராலும் ஆகாது. ஆனால் வாய்க்கும் தொண்டைக்கும் உணவுக் குழலுக்கும் புற்றுநோய் வரப் புகையிலை பெரிய காரணம் என்பதில் வைத்தியர்களுக்குள் இன்று தகராறு இல்லை. அதே அண்ணாவின் பெயரால் காஞ்சியை அடுத்த காரைப்பேட்டையில் சர்க்கார் புற்றுநோய் மருத்துவமனை நடக்கின்றது. அண்ணாவின் படத்தை வீட்டில் மாட்டியிருக்கின்றவர்கள் அந்த மருத்துவமனை வாசலில் ஒரு நாள் நின்று பார்த்துவிட்டு வந்தால், நாம் எழுதுவதைவிட நன்றாய் விளங்கும்.

“அவ்வளவு கெடுதியானால் சர்க்கார் ஏன் விற்க விடுகின்றது?” என்று கேட்கின்றவர்களும் இருக்கின்றார்கள். சர்க்கார் அனுமதித்ததெல்லாம் நல்லது என்று எப்போதிருந்து நம்பத் தொடங்கினார்கள்? புகையிலைச் சட்டம் 2003-ல் வந்தது. பொது இடத்தில் புகை குடிக்கக் கூடாது என்ற விதி 2008 அக்டோபர் 2 முதல் அமலுக்கு வந்தது. பெட்டியில் பயங்கரப் படமும் போடச் செய்தார்கள். அதே சமயத்தில் வரிப்பணமும் வந்துகொண்டுதான் இருக்கின்றது. கல்கத்தாவில் 1910-ல் இம்பீரியல் டொபாக்கோ என்ற பெயரில் தொடங்கி இன்று ஐ.டி.சி. என்று இருக்கும் சிகரெட்டுக் கம்பெனியில், சர்க்காரின் ஆயுள் இன்ஷூரன்ஸ் கார்ப்பரேஷனே பெரும் பங்கு வைத்திருக்கின்றது. ஒரு கையால் ஆயுளுக்குப் பாலிசி எழுதிக்கொண்டு மறு கையால் ஆயுளைக் குறைக்கும் தொழிலில் லாபம் வாங்குகின்றவர்கள் வந்து நம்மைக் காப்பாற்றுவார்கள் என்று காத்திருப்பது எவ்வளவு புத்திசாலித்தனம்?

கம்பெனிக்காரர்களுடைய நாணயத்தைப் பற்றியோ கேட்கவே வேண்டாம். அமெரிக்காவில் 1929-ல், பெண்கள் சிகரெட்டுக் குடிப்பது சுதந்திரத்தின் தீவட்டி என்று சொல்லி நியூயார்க் தெருவில் ஊர்வலம் விட்டார்கள். அதன் பின்னால் இருந்தது பெண் விடுதலை அல்ல, சிகரெட்டுக் கம்பெனியின் பணம். அங்கேயே 1994-ல் ஏழு கம்பெனித் தலைவர்கள் காங்கிரஸ் சபை கமிட்டியின் முன் சத்தியப் பிரமாணம் செய்து, நிகோடின் மனிதனை அடிமைப்படுத்தாது என்று தாங்கள் நம்புவதாகச் சொன்னார்கள். சத்தியம் செய்து சொல்லுவதற்கு எவ்வளவு மதிப்பு என்பது இதிலிருந்தே தெரிகின்றது. உள்ளூரக் கெடுதியை அறிந்தே உலகத்தை ஏமாற்றி வந்தார்கள் என்று 2006-ல் அந்த நாட்டுக் கோர்ட்டே தீர்ப்புச் சொல்லிற்று. காணாத மோட்சத்தை விற்பவனிடம் ஏமாறக் கூடாது என்று படித்துக்கொண்ட நாம், காணும் சாவை விற்பவனிடம் ஏமாறலாமா?

செலவுக் கணக்கையும் பார்த்துவிடுவோம். பீடிக்கோ சிகரெட்டுக்கோ நாள் ஒன்றுக்கு 40 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் வருஷத்துக்கு 14,600 ரூபாய்; இருபது வருஷத்துக்கு 2,92,000 ரூபாய். வட்டி போடவில்லை, வைத்தியச் செலவு சேர்க்கவில்லை, இருமிக்கொண்டு படுத்த நாளில் போன கூலியையும் சேர்க்கவில்லை. கோயில் உற்சவத்தில் எரிகின்ற கற்பூரத்துக்கு எவ்வளவு பாழ் என்று விரல் விட்டு எண்ணிக் காட்டுகின்ற தோழர்கள், தங்கள் மூக்கு வழியாய்ப் போகின்ற இந்தக் கற்பூரத்தையும் ஒரு தரம் எண்ணிப் பார்க்க வேண்டாமா?

“எல்லோரும் விட்டால், பீடி சுற்றிப் பிழைக்கின்ற பெண்கள் என்ன ஆவார்கள்?” என்பது ஒன்றுதான் நாம் மரியாதையோடு பதில் சொல்ல வேண்டிய கேள்வி. குடியாத்தத்திலும், திருநெல்வேலியிலும் லட்சக்கணக்கான குடும்பங்கள் அதை நம்பி இருக்கின்றன. நாள் முழுவதும் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு, புகையிலைத் தூளைச் சுவாசித்துக்கொண்டு, அற்பக் கூலிக்குச் சுற்றுகின்றார்கள். அவர்களுக்கு வேறு தொழிலும் நியாயமான கூலியும் கொடுக்க வேண்டியது சர்க்காரின் கடமை. அதற்காகக் கிளர்ச்சி செய்ய வேண்டியது நம் கடமை. அந்தத் தொழிலாளியின் வறுமையைக் காட்டி, இந்தத் தொழிலாளி சாக வேண்டும் என்பது நியாயமாகாது. தேவதாசி முறையை ஒழிக்கச் சொன்னபோதும் “அவர்கள் பிழைப்பு என்னாவது?” என்றுதான் பெரிய மனிதர்கள் கேட்டார்கள். அதை ஒழிக்க முன்நின்ற டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார்தான், தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துக்கத்தை மறக்காமல், 1954-ல் அடையாறு புற்றுநோய் நிலையத்தையும் உண்டாக்கினார்.

கடைசியாக, “கெடுதி என்று தெரிகின்றது, விடவும் ஆசைதான், ஆனால் முடியவில்லையே” என்கின்றவர்கள். இவர்கள்தான் அதிகம், இவர்களை நாம் பரிகாசம் செய்ய மாட்டோம். ஒன்று மாத்திரம் கேட்கின்றோம். கார்த்திகை பிறந்ததும் சபரிமலைக்கு மாலை போட்டுக்கொள்ளுகின்றார்களே, அவர்களில் எத்தனை பேர் அதுவரை நாளொன்றுக்கு இரண்டு கட்டு பீடி ஊதிக்கொண்டிருந்தவர்கள்! மாலை கழுத்தில் விழுந்த அன்றே பீடி நின்றுபோகின்றது. 41 நாளோ 48 நாளோ ஒரு மண்டலம் தொடுவதில்லை. மாலையைக் கழற்றியதும் பெட்டிக்கடையில் தொங்குகின்ற நெருப்புக் கயிற்றைத் தேடிப் போகின்றார்கள். நிகோடின் விட்டதால் வரும் வேதனை முதல் மூன்று நாள் கடுமையாயிருந்து, மூன்று நான்கு வாரத்தில் பெரும்பாலும் ஓய்ந்துவிடும் என்பது வைத்தியர்கள் சொல்லுவது. அப்படியானால், 48 நாள் விட்டவன் கஷ்டமான காலத்தை எல்லாம் தாண்டிக் கரையேறிவிட்டவன். கரையேறினவன் 49-வது நாள் தானாகவே மறுபடியும் ஆற்றில் குதிக்கின்றான் என்றால், அவனைப் பிடித்து இழுத்தது உடம்பா, வழக்கமா?

அந்த 48 நாளும் பீடியை விலக்கி வைத்தது யார்? ஐயப்பன் என்று அவன் நினைக்கின்றான். இதே ஐயப்பன் 49-வது நாள் எங்கே போனார்? விட்டவன் அவனே; அந்த வலிவும் அவனுடையதே. தன் வலிவைத் தன்னுடையது என்று அறியாமல் இன்னொருவர் பெயரில் எழுதி வைத்துவிடுவதால்தான், மாலையைக் கழற்றும்போது வலிவையும் சேர்த்துக் கழற்றிவிடுகின்றான். சுயமரியாதைக்கும் பீடிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்ட தோழருக்கு இதுதான் நம் பதில். சாமிக்காக விட முடிகின்ற ஒன்றைத் தனக்காகவும், தன் பெண்டாட்டி பிள்ளைக்காகவும் விட முடியாது என்று ஒருவன் சொன்னால், அவன் தன்னைத்தான் எவ்வளவு தாழ்வாக மதித்து வைத்திருக்கின்றான்! சாமியை நம்பாத தோழரோ, பக்தனுக்கு இருக்கும் வலிவுகூடத் தமக்கு இல்லை என்று காட்டிக்கொள்ள ஒப்புவாரா?

ஆகவே, தோழர்களே! நாளைக்கு, அடுத்த மாதம், அமாவாசை கழித்து என்று நாள் பார்க்க வேண்டாம். ஒரு தேதியைக் குறித்துக்கொண்டு, வீட்டாரிடமும் கூட்டாளியிடமும் சொல்லிவிட்டு, அன்றோடு நிறுத்துங்கள். ஆசை எழும்பினால் அது சில நிமிஷத்துக்கு மேல் நிற்காது. அந்தச் சில நிமிஷம் தண்ணீர் குடியுங்கள், நாலு சீரகத்தை மெல்லுங்கள், எழுந்து நடந்துவிட்டு வந்து அறுந்த இழையை முடியுங்கள். பீடிக்குப் பதில் புகையிலைப் பொட்டலத்தை வாயில் அடக்கிக்கொண்டு விட்டுவிட்டதாகச் சொல்லிக்கொள்ளாதீர்கள். தனியாக முடியாதவர்கள் சர்க்கார் ஆஸ்பத்திரியில் கேட்டால் அதற்கு மருந்தும் மெல்லும் பசையும் உண்டு. 1800-11-2356 என்ற எண்ணுக்குக் கூப்பிட்டால் செலவில்லாமல் யோசனை சொல்லுகின்றார்கள். ஒரு தரம் தவறிவிட்டால் எல்லாம் போயிற்று என்று விட்டுவிடாமல் மறுநாளே மறுபடியும் தொடங்குங்கள். விட்டவர்களில் அனேகர் இரண்டு மூன்று தரம் முயன்று விட்டவர்கள்தான். விட்ட ஒரு நாளைக்குள் இரத்தத்திலுள்ள விஷவாயு இறங்கிவிடும். ஒரு வருஷத்தில் மாரடைப்பின் அதிகப்படி ஆபத்துப் பாதியாகக் குறையும். பத்து வருஷத்தில் நுரையீரல் புற்றுநோய் ஆபத்தும் பாதியாகும்.

நம் கூட்டங்களுக்கு வருகின்ற தோழர்கள், கூட்டம் முடிந்து கும்பலாய்ப் பெட்டிக்கடைக்குப் போய் ஒரே நெருப்பில் பத்துப் பீடி பற்ற வைக்கின்ற வழக்கத்தை முதலில் நிறுத்த வேண்டும் என்றும், இளைஞர்கள் முதல் பீடியை வாங்கிக் கொடுக்கின்ற சிநேகிதனைச் சிநேகிதன் என்று நினைக்க வேண்டாம் என்றும், எவருடைய காலிலும் விழ மாட்டேன் என்று சொல்லுகின்ற மனிதன் இரண்டு அங்குலச் சுருளுக்கு மண்டியிடுவது சற்றும் பொருத்தமல்ல என்றும் தெரிவித்துக்கொள்ளுகின்றோம்.